எட்டு வேகன், ரெண்டு பாயிண்ட், சுவரோரம் ஒரு பலகை

மாடல் ரயில் போடலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்ஜினை ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சித்தப்பா கொண்டுவந்த ஸ்டார்ட்டர் செட். உள்ளே நீள்வட்டத் தண்டவாளம், ஒரு இன்ஜின், மூன்று பெட்டி. தரையில் விரித்து ஓட்டுகிறார்கள், சுற்றுகிறது, மறுபடியும் சுற்றுகிறது, பொங்கலுக்கு வாங்கியது சித்திரைக்குள் பரணுக்குப் போய்விடுகிறது. இன்ஜின் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. அந்த ரயிலுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நிஜ ரயில் சும்மா சுற்றி வராது, எதையாவது எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ரயிலுக்கு என்ன வேலை? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எவ்வளவு இடம், எத்தனை பாயிண்ட் (ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்), என்ன செலவு என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

என் ரயிலின் வேலை ஷண்டிங், அதாவது வேகன்களை இழுத்துத் தள்ளி வேண்டிய வரிசையில் நிறுத்துவது. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே மலைக்குள் நானே கற்பனை செய்துகொண்ட ஒரு சின்ன ஸ்டேஷன், அதன் கூட்ஸ் ஷெட், வேகன்களை நிறுத்திவைக்கும் கிளைத் தண்டவாளமான சைடிங் மூன்று. 1904இல் திறந்த மீட்டர் கேஜ் பாதை அது. 2010இல் அகலப்பாதை வேலைக்காக மூடினார்கள், 2018இல் பிராட் கேஜாகத் திறந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பாதை என்றதும் கழுதுருட்டி அருகே இருக்கும் பதிமூன்று கண் பாலம்தான் நினைவுக்கு வரும். நானும் அதைத்தான் கட்டப்போகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். பாலம் சுமார் 100 மீட்டர் நீளம், எச்ஓ அளவில், அதாவது 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால், ஒரு மீட்டருக்கும் கொஞ்சம் மேலே வரும். என் பலகையின் மொத்த நீளமே 8 அடி. பாதிப் பலகையைப் பாலத்துக்குக் கொடுத்துவிட்டு ரயிலை எங்கே நிறுத்துவது? ஏழு கண்ணோடு சுருக்கிக் கட்டலாமே என்றார் நண்பர் ஒருவர். மாடல்காரர்கள் எல்லாரும் செய்வதுதான், தப்பில்லை. ஆனால் ஏழு கண் பாலத்தைப் பார்த்து எந்தத் தென்காசிக்காரனும் அந்தப் பாலம் என்று ஒத்துக்கொள்ள மாட்டான். முழுசாக விட்டுவிட்டேன்.

ஊட்டி ரயிலைப் போட வேண்டியதுதானே என்று கேட்பவர்களும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர், 87ஆல் வகுத்தால் அரைக் கிலோமீட்டருக்கு மேல். சரி, ஒரு துண்டை மட்டும் போடலாம் என்றால் கல்லாறு–குன்னூர் பகுதியில் ஏற்றம் 12.5க்கு 1. மாடலில் 3 சதவீத ஏற்றத்திலேயே இன்ஜின் வழுக்க ஆரம்பிக்கும், இது 8 சதவீதம். நிஜத்தில் போலவே மாடலிலும் இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏற, தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் வேண்டும். சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காக அப்படிப்பட்ட பல்சட்டப் பாதையை பெமோ என்ற கம்பெனி விற்கிறது, விலையைப் பார்த்துவிட்டு நான் பக்கத்தை மூடிவிட்டேன்.

இப்போது கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. இதில்தான் நம் ஊர் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ., அது 1435 மி.மீ. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்குச் சரியாக இருக்கும். நம் பிராட் கேஜ் 1676 மி.மீ., 87இல் ஒரு பங்கு என்றால் 19 மி.மீட்டருக்கு மேல் வரவேண்டும். அதனால் டபிள்யூடிஎம்-2 என்ற நம் பிராட் கேஜ் டீசல் இன்ஜினை எச்ஓவில் எவ்வளவு அழகாகச் செய்தாலும் நேர் எதிரே நின்று பார்த்தால் பெரிய ஆள் சின்னப் பையன் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பது போலத்தான் இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. இதற்காக மனம் உடைய வேண்டியதில்லை, பிரிட்டிஷ்காரர்களே இந்தக் கணக்கில் தப்புப் பண்ணிக்கொண்டு பல தலைமுறையாகச் சந்தோஷமாக இருக்கிறார்கள். அவர்களுடைய ஓஓ அளவு 76இல் ஒரு பங்கு, ஆனால் தண்டவாளம் அதே 16.5 மி.மீ. அவர்கள் நாட்டு ரயில்கள் உடம்பில் சிறியவை, அந்தக் காலத்து மோட்டார் எச்ஓ உடம்புக்குள் அடங்கவில்லை, உடம்பை மட்டும் பெரிதாக்கிவிட்டுத் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். நாலடி எட்டரை அங்குலப் பாதை அவர்கள் மாடலில் நாலடி ஒன்றரை அங்குலமாக நிற்கிறது.

மீட்டர் கேஜ் எடுத்தால் இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. 1000 மி.மீட்டரை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை, கிடைக்கும் தண்டவாளம் 12 மி.மீ. அரை மி.மீ. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு இல்லை. எச்ஓஎம் என்ற பெயரில் பீகோ கம்பெனி இந்தத் தண்டவாளத்தையும் பாயிண்டையும் செய்கிறது. ஜெர்மனியில் டிடி என்று 120இல் ஒரு பங்கு அளவு ஒன்று உண்டு, கிழக்குப் பக்கத்தில் இன்றைக்கும் அதற்குக் கூட்டம் அதிகம், அதுவும் 12 மி.மீ. தண்டவாளம்தான். டிடி தண்டவாளத்தை நமக்குப் போட்டால் ஸ்லீப்பர் கட்டைகள் குச்சி குச்சியாக நெருக்கமாக இருக்கும், பார்த்த உடனே தெரிந்துவிடும். ஆனால் டிடி இன்ஜினின் அடிப்பாகம் நமக்குப் பெரிய உதவி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

சைடிங் அமைப்பு என் சொந்த மூளையில் உதித்தது இல்லை. இங்கிள்நுக் என்று பெயர், ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ்காரர் பிரபலமாக்கினார். உலகத்திலேயே சின்ன இடத்தில் அதிக நேரம் விளையாடக்கூடிய ரயில் அமைப்பு இதுதான் என்பது என் கட்சி. ரெண்டு பாயிண்ட், மூன்று சைடிங். நீளமானதில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. எதிர்ப்பக்கத்துத் தலைப்பாதையில் இன்ஜினும் மூன்று வேகனும் மட்டும் நிற்க இடம். மொத்தம் எட்டு வேகன். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு சீட்டு எழுதி, குலுக்கி, ஐந்து சீட்டை எடுத்து வரிசையாக வைக்க வேண்டும். அந்த ஐந்து வேகனும் அதே வரிசையில் நீளமான சைடிங்கில் நிற்கும்படி இழுத்து, தள்ளி, விட்டு, பிடித்து அமைக்க வேண்டும். எட்டை ஏழால், ஆறால், ஐந்தால், நாலால் பெருக்கிப் பாருங்கள், 6720 விதமான வரிசை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒரு ஆட்டம் முடியத் தூக்கம் வந்துவிடும். எங்கள் தளத்திலேயே இருக்கும் ஏழாம் வகுப்புப் பையன் என்னைவிட வேகமாக முடிக்கிறான், "அங்கிள், மூணாவதை முதல்லயே ஒதுக்கி வெச்சிருக்கணும்" என்று பின்னால் நின்று சொல்லும்போது மட்டும் கொஞ்சம் எரிச்சல் வரும்.

வேகனை வைத்துத்தான் பலகை அளவு போட்டேன். நாலு சக்கர வேகன் கொக்கியோடு 8 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் ஐந்துக்கு 40, மூன்றுக்கு 24, பாயிண்டுகளுக்கும் தலைப்பாதைக்கும் சேர்த்து ஆறடிக்குள் எல்லாம் அடங்கிவிடும். மீதி இரண்டடி ஸ்டேஷனுக்கும் காட்டுக்கும். பிளைவுட் 8க்கு 4 அடியில்தான் வருகிறது, ஒன்றரை அடி அகலத்துக்கு நீளவாக்கில் அறுத்தால் ஒரு ஷீட்டில் ரெண்டு பலகை, ஒன்று மேலே, இன்னொன்றை அறுத்துக் கீழ்ச்சட்டம். சென்னையில் இருப்பவர்கள் இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளை வாங்குங்கள், 12 மி.மீ. போதும். ஐப்பசி மழையில் சாதாரண பிளை ஈரம் குடித்து முதுகு வளைத்தால் மேலே போட்ட தண்டவாளமும் கூடவே வளையும். ஆசாரி அண்ணன் அளவெல்லாம் எழுதிக்கொண்டு, "சார், இது ஷூ ரேக்குன்னா ஆழம் பத்தாதே" என்றார். ரயில் என்றேன். நெஞ்சு உயரத்துக்கு வைக்கச் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை, டேபிள் உயரம் போதும் என்று வாதாடினார். மேலிருந்து பார்த்தால் பொம்மை, கண் மட்டத்தில் பார்த்தால் ரயில், அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

தண்டவாளம் விஷயத்துக்கு வருவோம். பாயிண்ட் இரண்டும் வெளிநாட்டுக் கடையில் வாங்கினேன். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60க்கு ஏறியது, 2023இல் 70 ஆனது. சுங்க அட்டவணையில் பொம்மையும் அளவு மாடலும் ஒரே தலைப்பில் வருவதால் ஐம்பது வயதுக்காரன் வாங்கும் பாயிண்டும் பொம்மைதான். அதன் மேல் ஜிஎஸ்டி வேறு. ஆகவே வெளிநாட்டிலிருந்து வாங்குவதை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது. சைடிங் தண்டவாளத்தை நானே போட்டேன். தாமிரப் பூச்சுள்ள சர்க்யூட் போர்டைச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் வாங்கி, ஸ்லீப்பர் அளவுக்குக் கீற்றாக அறுத்து, அதன் மேல் தண்டவாளத்தைச் சால்டர் வைத்து ஒட்டுவது. ஒவ்வொரு ஸ்லீப்பரின் நடுவிலும் தாமிரத்தை அரத்தால் கீறிப் பிரிக்க வேண்டும், ஒன்றில் விட்டாலும் இரண்டு தண்டவாளமும் ஷார்ட். அலுப்பான வேலைதான், ஆனால் ரேடியோ கேட்டுக்கொண்டே செய்யலாம். நிக்கல் சில்வர் என்று பெயரே தவிர அந்தத் தண்டவாளத்தில் வெள்ளி துளியும் கிடையாது, தாமிரமும் நிக்கலும் துத்தநாகமும்தான். வெயிலில் நீளும். மூன்று மீட்டர் நீளத்துக்கு 20 டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒரு மி.மீ. ஏசி அறையில் மாலையில் போட்ட பாதை மறுநாள் மத்தியானம் ஏசி இல்லாமல் என்ன ஆகும் என்று யோசித்து, இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விடுங்கள்.

மின்சாரத்துக்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பலகைக்கு அடியில் வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. வயர் இரண்டு, சிவப்பும் கறுப்பும், நீளவாக்கில் ஓட வேண்டும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய வயர் கீழே இறங்கி அதில் சேர வேண்டும். இணைப்புத் தகடே மின்சாரத்தையும் கடத்தும் என்று நம்பி இதை விட்டுவிடுபவர்கள் மூன்றாம் மாதம் இன்ஜின் ஏன் மூலையில் நின்றுவிடுகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் டிசியா டிசிசியா என்ற சண்டை. டிசி என்றால் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுவது, டிசிசி என்றால் தண்டவாளம் வழியாகவே இன்ஜினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்புவது. ஒரே ஒரு இன்ஜின், ரெண்டு பாயிண்ட் என்றால் 12 வோல்ட் டிசியும் ஒரு நல்ல வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் தாராளம். நான் டிசிசி போட்டது இன்ஜின் சத்தத்துக்காக மட்டும். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும், அதன் திசை மாறி மாறித் துடிக்கும், அந்தத் துடிப்பின் நீளத்தில்தான் கட்டளை இருக்கிறது. 58 மைக்ரோ வினாடித் துடிப்பு என்றால் ஒன்று, 100க்கு நீண்டால் சுழி. இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணைக் கேட்டால் மட்டும் கீழ்ப்படியும். புதிதாக வாங்கும் டிகோடருக்கெல்லாம் எண் 3 என்றுதான் இருக்கும். பெரிய கம்பெனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி விலை கேட்டால் தலை சுற்றும், ஆனால் டிசிசி-இஎக்ஸ் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, ஆர்டுயினோ மெகா என்ற சின்னக் கணினிப் பலகையும் அதன் மேல் உட்காரும் மோட்டார் ஷீல்டும் வாங்கி அதை ஏற்றிவிட்டால் கட்டுப்பாட்டுப் பெட்டி தயார். கூடவே ஒரு வைஃபை போர்டைச் சேர்த்தால் கைபேசியில் செயலி போட்டு ஓட்டலாம். ரிச்சி தெரு பக்கத்தில் இருப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

இன்ஜின் ஒய்டிஎம்-4 என்ற மீட்டர் கேஜ் டீசல். எனக்குத் தெரிந்து எந்தக் கம்பெனியும் இந்த அளவில் விற்கவில்லை என்பதால், மேலே சொன்ன டிடி அளவில் ஆறு அச்சு ஜெர்மன் டீசல் இன்ஜின் ஒன்றின் அடிப்பாகத்தைப் பழையதாக வாங்கி, உடம்பை ரெசின் பிரிண்ட் எடுத்து உட்காரவைத்தேன். போகிகளின், அதாவது அடியில் உள்ள சக்கரத் தொகுதிகளின், பக்கச்சட்டம் நிஜத்தோடு ஒத்துப்போகாது, தெரிந்துதான் விட்டேன், ஓடும்போது அதை யார் பார்க்கிறார்கள். நிஜ வண்டிக்குள் இருப்பது அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் 251 வகை டீசல் மோட்டார், ஆறு சிலிண்டர். அலாஸ்காவில் வைட் பாஸ் ரயில்பாதையில் ஓடிய டிஎல்535 இன்ஜின்கள் இதற்குச் சொந்தச் சகோதரர்கள், அவற்றை எல்ஜிபி கம்பெனி தோட்டத்து ரயில் அளவில் செய்திருக்கிறது, படத்தைப் பார்த்தால் நம்ம வண்டி மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். 251க்கான ஒலிக்கோப்பு கிடைக்கிறது. நின்றபடி உறுமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு என் மைத்துனர், "திருநெல்வேலி ஜங்ஷன்ல நிக்கிற மாதிரி இருக்கு மாப்ள, டீ சொல்லு" என்றார். செலவுக்கு வீட்டில் அனுமதி வாங்கித் தந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

வேகன்கள் பிளாஸ்டிக் ஷீட்டில் கையால் செய்தவை. இதில் எடை முக்கியம். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் கணக்குப்படி எச்ஓ வேகனுக்கு அடிப்படை 28 கிராம், அப்புறம் ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் 14 கிராம். சின்ன நாலு சக்கர வண்டிக்குள் அவ்வளவும் அடைப்பது கஷ்டம், கூரைக்குக் கீழே இரும்பு நட்டுகளை ஒட்டி முடிந்தவரை ஏற்றினேன். லேசான வேகனைப் பின்னுக்குத் தள்ளினால் பாயிண்டில் ஏறி நிற்கும். கொக்கி கேடீ கம்பெனியுடையது. நிஜ மீட்டர் கேஜ் கொக்கி வேறு உருவம், ஆனால் ஷண்டிங் விளையாட்டுக்குத் தானாகப் பிடித்து, சுலபமாக விடுகிற கொக்கி வேண்டும். இரண்டு கொக்கிக்கு நடுவே மூங்கில் குச்சியை விட்டு லேசாகத் திருகினால் கழன்றுவிடும். எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி இதற்கு மிகச் சரியான தடிமன். ஆனால் ஊதுபத்தியை அந்த அறையில் ஏற்றாதீர்கள், அந்தப் புகையும் சமையல் எண்ணெய்ப் புகையும் தண்டவாளத்தில் படிந்தால் வாரா வாரம் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் சாமி படம் இதற்காகவே இடம் மாறியது, அந்தக் கதை வேண்டாம்.

காட்சி அமைப்பில் கடைப்பொருள் ஏறக்குறைய எதுவும் இல்லை. ஜல்லிக்கு எம்-சாண்ட். முதலில் மாவுச் சல்லடை, அப்புறம் டீ வடிகட்டி, நடுவில் தங்குவது சரியான அளவு. மறக்காமல் காந்தத்தை மேலே ஓட்டுங்கள், அதில் ஒட்டிக்கொண்டு வரும் கறுப்புத் துகள் இரும்புச்சத்து, விட்டால் இன்ஜின் மோட்டாருக்குள் போய்க் குடியேறும். தூவிச் சீராக்கி, சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஃபெவிகாலில் சரிபாதி தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டால் மறுநாள் கல்லாகிவிடும். பாயிண்டின் அசையும் நாக்குப் பக்கம் மட்டும் பசை போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புல்லுக்குக் கொசு பேட். நைலான் இழைகளை மின்னேற்றி நட்டமாக நிற்கவைக்கும் கருவியை வெளிநாட்டில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறார்கள், உள்ளே இருப்பது கொசு பேட்டில் இருக்கும் அதே உயர்மின்னழுத்தச் சர்க்யூட் வகைதான். பேட்டின் ஒரு வயரை டீ வடிகட்டிக்கும் மற்றதைப் பசை தடவிய தரையில் குத்திய ஆணிக்கும் கொடுத்துக் குலுக்கினால் புல் நிற்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் இருக்கும், ரெண்டு முனையையும் தொடவைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

மரம்தான் பெரிய தலைவலி. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு மரம் 30 மீட்டர் என்று வைத்தால் மாடலில் 34 செ.மீ., ஒரு அடிக்கும் மேல். இந்த அளவில் ஒரு மரத்தை வைத்தால் ஸ்டேஷன் கட்டிடம் காணாமல் போகிறது. மாடல்களில் மரங்கள் எல்லாம் எலுமிச்சைச் செடி உயரத்தில் இருப்பதன் காரணம் இதுதான், உண்மை அளவில் மரம் வைக்க யாருக்கும் தைரியம் இல்லை. நான் பின்சுவரை ஒட்டி நாலு மரத்தை மட்டும் முழு உயரத்தில் வைத்து, உச்சியைப் பலகையின் மேல்மூடிக்குள் மறைத்துவிட்டேன். அடிமரம் மட்டும் தெரியும். காடு மேலே தொடர்கிறது என்று கண் நம்பிக்கொள்கிறது.

ஸ்டேஷன் பெயர்ப்பலகை இன்னும் எழுதவில்லை. கேரளப் பக்கம் என்றால் மலையாளம் வேண்டும், பகவதிபுரம் பக்கம் என்றால் தமிழ், கற்பனை ஸ்டேஷன் எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு. அதற்குள் கை ஏறி இறங்கும் செமாஃபோர் சிக்னல் இரண்டையும் சர்வோ என்ற குட்டி மோட்டார் வைத்து ஆட்டிவிட வேண்டும், அதில் எஸ்ஜி90 வகை வாங்கி வைத்திருக்கிறேன். சலித்த எம்-சாண்ட் வேண்டிய அளவுக்கு மேல் மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மீதி இருக்கிறது. காந்தம் ஓட்டியாகிவிட்டது. எச்ஓ போடுகிறவர்கள் யாராவது இருந்தால் காலி பாட்டிலோடு வந்து எடுத்துக்கொண்டு போகலாம், என் பாட்டில்கள் எனக்கு வேண்டும்.